அங்கே 44 பாகையும் ஆலங்கட்டியும், இங்கே 34 பாகைப் புழுக்கம்: கோப்பாய் வீட்டுக்கு எந்தக் கூரை?

கேள்வி: கோப்பாய்ச் செம்மண்

அனைவருக்கும் வணக்கம். கோப்பாயில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கூரையை இந்த ஆண்டு பிரித்து வேய வேண்டிய நிலை வந்துவிட்டது. அப்பு காலத்துப் பனங்கைமரங்களில் பாதிக்கு மேல் இன்னும் வைரமாகவே இருக்கின்றன. ஆனால் ஓட்டைத் தாங்கும் சலாகைகளைக் கறையான் அரித்துவிட்டதால் ஓடுகள் இறங்கி, போன மார்கழி மழைக்கு வீட்டினுள் மூன்று இடங்களில் சட்டி வைத்துத் தண்ணீர் ஏந்தினோம். செலவில் பெரும்பகுதியைக் கன்பராவில் இருக்கும் என் அண்ணா ஏற்றுக்கொள்கிறார். எந்தக் கூரை என்பதில்தான் எங்கள் இருவருக்கும் இரண்டு மாதங்களாக இழுபறி.

அண்ணாவின் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 4ஆம் திகதி கன்பராவில் வெப்பநிலை 44 பாகை செல்சியசைத் தொட்டது. சுற்றிலும் காடு எரிந்துகொண்டிருந்த காலம் அது. புகைக்கு அஞ்சிக் கதவு யன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார்களாம். சரியாகப் பதினாறு நாள் கழித்து, 20ஆம் திகதி, அதே ஊரில் கோல்ஃப் பந்து அளவில் ஆலங்கட்டி கொட்டியது. அலுவலக வாசலில் நிறுத்தியிருந்த அண்ணாவின் காரின் பின்கண்ணாடி சிதறிப்போயிற்று. மேல்தகடு முழுவதும் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலாகிவிட்டது. ஆராய்ச்சிக்காகப் பயிர் வளர்த்த கண்ணாடிக் கூடங்கள் பல அந்தச் சில நிமிடங்களில் நொறுங்கின. இவ்வளவையும் கண்ணால் கண்டவர், “காலநிலை மாறிக்கொண்டு வருகிறது, நாளைக்கு இதுவே யாழ்ப்பாணத்திலும் நடக்கும், ஓட்டை விட்டுவிட்டுத் தடித்த உலோகத் தகடு போடு, அதன்மேல் ஆலங்கட்டிக்குத் தாக்குப்பிடிக்கும் சோலார் போடு” என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

என் பக்கம் வேறு. நாற்பத்தேழு வயதுவரை இந்த ஊரில் நான் ஆலங்கட்டியைக் கண்டதில்லை. அம்மா மட்டும் தாம் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை முற்றத்தில் கற்கண்டுத் துண்டுகள் போல விழுந்ததாகவும், பொறுக்கிக்கொண்டு போய்க் காட்டுவதற்குள் கையில் தண்ணீர்தான் இருந்ததாகவும் சொல்வார். என்னை வாட்டுவது வெக்கைதான். சித்திரை பிறந்து, தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பும்வரை காற்று அசையாது. நள்ளிரவிலும் தலையணை நனைகிறது. வானொலியோ அதிகபட்சம் 34 பாகை என்கிறது. அதைச் சொன்னால், “44ஐக் கண்டவன் நான், 34க்கா அழுகிறாய்?” என்று அண்ணா சிரிக்கிறார்.

வெயில்தான் ஆலங்கட்டியைக் கொண்டுவருகிறது என்றால், இவ்வளவு வெயில் எரிக்கும் எங்கள் ஊரில் அது ஏன் விழுவதில்லை? 34 பாகை உண்மையிலேயே 44ஐ விடக் குறைந்த துன்பந்தானா, அல்லது நான்தான் சொகுசாகிவிட்டேனா? இரண்டு வகை ஊர்களிலும் வாழ்ந்தவர்கள், கூரை வேலை தெரிந்தவர்கள், தயவுசெய்து எழுதுங்கள். அண்ணாவுக்கும் இந்த இழையைக் காட்டப் போகிறேன்.

பதில்: வடமராட்சி மாஸ்ரர்

தம்பி, நீங்கள் சொகுசாகிவிடவில்லை. உயர்தர வகுப்புக்கு நெடுங்காலம் புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில், அண்ணாவின் சிரிப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூட முற்றங்களில் வெள்ளை அடித்த பலகைப் பெட்டியொன்று நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதற்குள் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும். மற்றதன் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். வானொலி சொல்லும் 34 பாகை, வெறுங்குமிழ் நிழலில் காட்டுவது. எங்கள் உடம்போ வியர்வையால் நனைந்த பொருள்; அது தன்னைக் குளிர்த்துக்கொள்ளும் விதம் ஈரக்குமிழின் விதம். காற்று வறண்டிருந்தால் வியர்வை உலரும், உலரும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்து சட்டையைத்தான் நனைக்கும்.

இதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 44 பாகை வெயிலில் ஈரப்பதன் 10 வீதமாக இருக்குமானால், ஈரக்குமிழ் ஏறத்தாழ 21 பாகையைக் காட்டும். 33 பாகையில் ஈரப்பதன் 70 வீதமாக இருக்குமானால் அதே ஈரக்குமிழ் 28 பாகைக்கு மேல் நிற்கும். மூன்று பக்கமும் கடலும் நடுவே கடனீரேரியும் உள்ள குடாநாட்டில் இரண்டாவது கணக்கு அரிதான ஒன்றல்ல. ஈரக்குமிழ் 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் உடல்நலமுள்ள ஒருவரின் உடல்கூடச் சில மணி நேரத்திற்குமேல் தாங்காது என்பது கொள்கையளவிலான எல்லை. உழைக்கும் உடலும் முதிய உடலும் அதற்கு மிகவும் கீழேயே தளர்ந்துவிடுகின்றன. வெயிலில் நேரே நிற்கும்போது 44 பாகை கொடியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே இரவில் காற்றுக் குளிர்ந்துவிடும், இங்கே குளிராது. உங்கள் தலையணை சொல்வது பொய்யில்லை.

அதோடு, சூரியன் யாழ்ப்பாணத்திற்கு நேர் உச்சியில் நிற்பது சித்திரை வருடப் பிறப்பை ஒட்டித்தான். அன்றைக்கு நண்பகலில் உங்கள் கிணற்றடிக் கப்பியின் நிழல் கிணற்றுக்குள்ளேயே விழும். பஞ்சாங்கத்துக் காண்டாவனம், அதாவது கத்தரி வெயில், அதன் பிறகு, வைகாசியில் வருகிறது. நிலம் வாங்கிய சூட்டைத் திருப்பித் தர நாள் எடுக்கிறது அல்லவா.

இனி ஆலங்கட்டி. “வெயில் கொண்டுவருகிறது” என்று நீங்கள் எழுதியது பாதி சரி. வெயில் தருவது எழுச்சியை மட்டுந்தான். சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து திரண்டு கார்முகிலாகி, பூச்சியப் பாகை உயரத்தையும் தாண்டிப் போகும்போது, உறைய வேண்டிய குளிரிலும் உறையாமல் நீராகவே மிதக்கும் நுண்துளிகள் அங்கே நிறைந்திருக்கும். அவற்றின் நடுவே ஒரு பனித்துணுக்கு அகப்பட்டால், துளிகள் அதன்மேல் பட்டவுடன் உறைந்து, வெங்காயத்தின் தோல் போல அடுக்கடுக்காக அதைப் பெருக்கும். கீழிருந்து எழும் காற்று ஏந்தும்வரை அது வளரும். ஏந்த முடியாதபோது விழும். கோல்ஃப் பந்து அளவுக்கு வளர வேண்டுமானால் மேலெழும் காற்று மணிக்கு 90, 100 கிலோமீற்றர் வேகத்தில் தூக்கிப்பிடிக்க வேண்டும்.

எங்களிடம் எழுச்சி உண்டு. இல்லாதவை இரண்டு. முதலாவது, மேலே போகப் போகக் காற்றின் வேகமும் திசையும் பெரிதாக மாறுவது. அப்படி மாறினால் முகில் சாய்ந்து நிற்கும். எழும் காற்று ஒரு பக்கமும் விழும் மழை மறுபக்கமுமாகப் பிரிந்து, அந்த இடிமுகில் மணிக்கணக்கில் உயிர்வாழும். சித்திரை மாதத்து இடைப்பருவக் காலத்தில் எங்கள் வானில் காற்று பொதுவாக மெதுவானது. முகில் நெட்டுக்குத்தாக எழுந்து, தான் பொழியும் மழையாலேயே தன் எழுச்சியை அணைத்துக்கொண்டு, அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த இடிமழையிலும் பெரும்பங்கு வன்னிக்கும் மலைநாட்டுக்கும் போய்விடுகிறது. இரண்டாவது, உயரம். எங்கள் தலைக்குமேல் பூச்சியப் பாகை இருப்பது ஏறக்குறைய 5 கிலோமீற்றரில். கடலை அளவுக் கட்டியொன்று செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் விழுந்தால், எட்டு நிமிடம் வெந்நீராவி போன்ற காற்றுக்குள்ளால் அது வர வேண்டும். வந்து சேரும்போது பருத்த மழைத்துளியாகத்தான் இருக்கும். உங்கள் அம்மா கண்டது அந்த வழிப்பயணத்தில் தப்பிய மிச்சம். அவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

வெப்ப நாடு என்பதாலேயே தப்பிவிட்டோம் என்று எண்ணிவிடவும் கூடாது. வங்காளத்தில் மேலே மேற்கிலிருந்து வரும் வறண்ட வேகக் காற்றும் கீழே விரிகுடாவின் ஈரக்காற்றும் சித்திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், உலகத்தின் மிகக் கொடிய ஆலங்கட்டி மழைகள் சில அந்தப் பக்கந்தான் பெய்திருக்கின்றன. பங்களாதேசத்தின் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரல் 14 அன்று விழுந்த கட்டியொன்று 1.02 கிலோ, அளந்து பதிவானவற்றுள் மிகப் பாரமானது அதுதான். 92 பேர் இறந்தார்கள். வட இந்தியாவின் மொராதாபாத்தில் 1888 ஏப்ரல் 30 அன்று 246 பேர். சிட்னி நகரத்தைச் சிதைத்து, காப்புறுதிக் கணக்கில் மட்டும் 1.7 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர் இழப்பைத் தந்த மழையும் 1999 ஏப்ரல் 14இல் பெய்ததுதான். நாங்கள் வருடப் பிறப்பு மருத்துநீர் வைத்து முழுகும் நாளில் இரண்டு ஊர்களில் வானம் கல்லெறிந்திருக்கிறது. தற்செயலான ஒற்றுமைதான், என்றாலும் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் திகதியை மறப்பதில்லை.

அண்ணாவின் மற்றக் கவலையிலும் ஒரு நியாயம் உண்டு. 2023 யூலையில் இத்தாலியின் தெற்கே சார்டினியாத் தீவு 48 பாகையில் வேக, அதே மாதம் 24ஆம் திகதி வடக்கே 19 சென்ரிமீற்றர் அகலக் கட்டி விழுந்தது. ஐரோப்பாவில் அதைவிடப் பெரியது பதிவாகவில்லை. காற்றுச் சூடேறினால் அது ஏந்தும் நீராவியும் கூடும், எழுச்சியும் வலுக்கும். ஆனால் பூச்சியப் பாகை மட்டமும் மேலே ஏறும். சிறிய கட்டிகள் முன்னைவிட அதிகமாக உருகிவிடும். ஆகவே உலகம் சூடாவதால் கன்பராவின் ஆலங்கட்டி கோப்பாய்க்கு இடம்மாறி வந்துவிடும் என்று எண்ணத் தேவையில்லை. இங்கே கூடப்போவது வெக்கைதான்.

கூரைக்கு உண்மையான பகைவன் காற்று. 1964 மார்கழிப் புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல், வடமராட்சியையும் உலுக்கியபோது எனக்குப் பத்து வயது. விடிய எழுந்து பார்த்தால் எங்கள் மாட்டுக்கொட்டிலின் தகரம் அடுத்த வளவுப் பனையொன்றில் மடிந்து தொங்கியது. ஓடு போடுங்கள் என்பதே என் கருத்து.

பதில்: பனிப்புலத்தான்

மாஸ்ரருக்கு வணக்கம். நான் பிறந்த ஊர் பனிப்புலம். பனியே விழாத அந்த ஊரில் பிறந்துவிட்டு, பெயருக்கேற்ற நிலத்தைத் தேடிப் போனவன் போல இருபது ஆண்டுகளாகக் கனடாவின் கல்கரியில் வாழ்கிறேன். கேட்டவரின் அண்ணாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதை ஒருமுறை பட்டவர்களுக்கு வானம் கறுத்தாலே வயிறு கலங்கும்.

2020 யூன் 13ஆம் திகதி மாலை, நகரின் வடகிழக்குப் பகுதியில் ரெனிஸ் பந்து அளவுக் கட்டிகள் விழுந்தன. நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். முதலில் யாரோ கூரையில் செங்கல் எறிவது போல ஒன்று, இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. இங்கே வீடுகளின் வெளிச்சுவரில் பிளாஸ்ரிக் பலகை பதித்திருப்பார்கள்; எங்கள் மேற்குச் சுவர் சல்லடையாகி, உள்ளே இருந்த பஞ்சு வெளியே தெரிந்தது. காப்புறுதி இழப்பு 1.2 பில்லியன் டொலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி மறுபடியும் அடித்து, விமான நிலையக் கட்டடத்தைக்கூடச் சேதமாக்கி, ஏறக்குறைய 3 பில்லியன் டொலரை விழுங்கியது. எங்கள் தெருவில் மூன்று கோடைகள் கூரைக்காரரின் ஏணிகள் ஓயவில்லை. என்னுடைய காப்புறுதி நிறுவனம் பணம் தந்தது உண்மை. அடுத்த ஆண்டு கட்டணத்தை உயர்த்தி, நான் என் கையிலிருந்து போட வேண்டிய முதல் பங்கையும் கூட்டியது அதைவிட உண்மை. 1996இலிருந்து கோடை தோறும் காப்புறுதி நிறுவனங்கள் தம் செலவில் விமானம் அனுப்பி, முகில்களில் வெள்ளி அயடைட்டைத் தூவுகின்றன. கட்டிகள் பெருக்காமல் சிறிதாகவே விழட்டும் என்பது நோக்கம். அதையும் மீறித்தான் இவ்வளவும்.

மாஸ்ரர் சொன்ன உயரக் கணக்கு எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. கல்கரி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. பூச்சியப் பாகை மட்டமும் உங்களைவிடத் தாழ்ந்தது. உருகுவதற்கான வழி பாதிதான். மேற்கே மலைத்தொடர் வேறு மாலைதோறும் முகிலை எழுப்பி எங்கள்மேல் அனுப்புகிறது.

ஆனால் உங்கள் அண்ணாவிடம் இன்னொரு செய்தியையும் காட்டுங்கள். 2021 யூன் 29 அன்று பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிற்றன் என்ற சிற்றூரில் வெப்பநிலை 49.6 பாகையை எட்டியது. மறுநாள் அந்த ஊரே எரிந்துபோனது. உலகம் அந்த நெருப்பைப் பார்த்தது. அந்த வெப்ப அலையில் அம்மாகாணத்தில் இறந்த 619 பேரை அவ்வளவாகப் பார்க்கவில்லை. மரண விசாரணை அதிகாரிகளின் அறிக்கைப்படி அவர்களில் 98 வீதத்தினர் வீட்டினுள்ளேயே பாதிக்கப்பட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர்கள். குளிரை உள்ளே விடாமல் கட்டிய வீடுகள் சூட்டை வெளியே விடவில்லை. ஆலங்கட்டி என் சுவரைத் துளைத்தது, காரைக் கெடுத்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. வெக்கையோ ஓசையில்லாமல் வீட்டுக்குள்ளே வந்து ஆளை எடுக்கிறது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, ஆவணி வெயிலில் வெறுங்காலுடன் மணலில் நின்று, தேர் இருப்புக்கு வருமுன்பே கண் இருண்டு விழுந்தவன் நான். தண்ணீர்ப் பந்தலில் மோர் தந்து எழுப்பியவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். 36 பாகை வறண்ட வெயிலில் இங்கே புல் வெட்டிப் பழகியவன் என்ற செருக்கு அன்றோடு போயிற்று.

பதில்: கொழுந்துக்கூடை

நான் நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, திருமணத்தால் திருநெல்வேலிக்கு வந்து, பதினொரு ஆண்டுகளாக இங்கே தாதியாக வேலை செய்கிறேன். ஆலங்கட்டி என்றால் கன்பராவையும் கனடாவையும் மட்டும் பேசுகிறீர்கள். அது நம் நாட்டிலேயே விழுகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மாஸ்ரரின் கணக்கில் அதைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் 3 கிலோமீற்றர்தான். பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் இடியோடு வரும் மழையில் சில ஆண்டுகள் கட்டிகள் வரும். பெரும்பாலும் பட்டாணி அளவு, மிஞ்சினால் கோலிக்குண்டு அளவு. லயத்துத் தகரக் கூரையில் அது விழும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. நாங்கள் கிண்ணத்தில் அள்ளிச் சீனி தூவித் தின்போம். அம்மாவோ மலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். கொழுந்து கிழிந்துவிட்டால் அடுத்த துளிர் வரும்வரை கூடை நிரம்பாது, கூடை நிரம்பாவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான். கோவா, லீக்ஸ் போட்டவர்கள் பாடு அதைவிட மோசம். கென்யாவில் நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கும் கெரிச்சோத் தேயிலை மலைகள், உலகத்தில் ஆலங்கட்டி அதிகமாக விழும் இடங்களுள் ஒன்று என்று பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. வெப்ப வலயமா இல்லையா என்பதைவிட, எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்பதே முக்கியம்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் சித்திரையில் எனக்கு உடம்பு முழுவதும் வியர்க்குரு; மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. பிறகு உடல் பழகிக்கொண்டது. பழகாத ஒன்று, வெக்கைக் காலத்தில் விடுதிக்கு வரும் முதியவர்களைப் பார்ப்பது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டும்போது மயங்கியவரை உடனே கொண்டுவந்துவிடுவார்கள், ஏனென்றால் விழுந்ததைப் பலர் காண்கிறார்கள். சீற் கூரை போட்ட அறையில் கட்டிலோடு கிடக்கும் ஆச்சியை, பேச்சுத் தடுமாறத் தொடங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். தோல் கொதித்து, பேச்சுக் குழம்பினால் அது வெறும் களைப்பல்ல. உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். வியர்க்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வாகனம் வரும்வரை காத்திராமல் உடுப்பைத் தளர்த்தி, உடம்பை நன்றாக நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, இளநீரும் கூடாது. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களைக் காண்டாவனம் முடியும்வரை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஐயா, உங்கள் அம்மாவுக்கு இப்போது என்ன வயது, பகலில் எந்த அறையில் படுக்கிறார் என்பதைக் கேள்வியில் எழுதவில்லை. கூரையை அந்த அறையிலிருந்து யோசித்துத் தொடங்குங்கள்.

பதில்: மானிப்பாய் மட்டக்கோல்

கூரை வேலைக்காரன் என்ற வகையில் எழுதுகிறேன். மாஸ்ரர் மதிப்புக்குரியவர், ஆனால் “ஓடு போடுங்கள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஓட்டுக்கு மரம் வேண்டும், நல்ல மரத்தின் விலை ஊரறிந்தது, சலாகை அடிக்கத் தெரிந்த தச்சர்களும் குறைந்துவிட்டார்கள். உங்களிடம் பனங்கைமரம் பாதிக்கு மேல் நல்லதாக இருப்பதால்தான் நானும் ஓட்டுக்கு உடன்படுகிறேன். இல்லையென்றால் வேறு சொல்லியிருப்பேன்.

ஓடு குளிர்ச்சி என்பது ஓட்டின் மண்ணால் மட்டும் வருவதில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள நூலிடை வழியாகக் கூரை மூச்சு விடுகிறது. அதன் கீழே காற்றுப் போக வழியில்லாமல் சீலிங்கை இறுக்கி அடித்தால் அந்தக் குணம் கெட்டுவிடும். இரண்டு பக்கக் கூம்புச் சுவரிலும் முகட்டுக்குக் கீழே துவாரம் விடுங்கள். சூடான காற்று மேலேறி அதனூடாக வெளியேறும். பழைய நாற்சார் வீட்டில் நடு முற்றம் செய்த வேலை அதுதான். தகடுதான் போடுவது என்று அண்ணா விடாப்பிடியாக நின்றால், வெள்ளை நிறத் தகடு எடுத்து, கீழே வெப்பம் தடுக்கும் விரிப்பும், அதற்கும் சீலிங்குக்கும் இடையில் ஒரு சாண் வெளியும் விட்டால் தாங்கலாம். வெறுந்தகடு பகலில் அடுப்பு. கொங்கிறீற் தட்டு வேறு வகை: பகல் முழுவதும் சூட்டைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கும் நேரத்தில்தான் திருப்பித் தரத் தொடங்கும். பழைய அஸ்பெஸ்ரஸ் எங்காவது இருந்தால் உடைக்காமல், நனைத்துவிட்டு, முழுதாக இறக்குங்கள். அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு.

சோலாரைப் பற்றி ஒன்று. தகடுகளின் மாதிரிகள்மேல் 25 மில்லிமீற்றர் பனிக்கட்டி உருண்டையைச் செக்கனுக்கு 23 மீற்றர் வேகத்தில் அடித்துப் பார்த்துத்தான் அந்த வகைக்குத் தரச்சான்று தருகிறார்கள். கோப்பாய்க்கு அது மிதமிஞ்சிய பாதுகாப்பு. அண்ணா அதற்குமேல் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது உப்புக்காற்றுத் தாங்கும் சான்று. உப்பாற்று வெளி உங்களுக்குப் பக்கத்தில். சோளகத்தில் வரும் உவர்க்காற்று இரும்புப் பிணைப்புகளைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். சட்டம் அலுமினியமாகவும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்கட்டும். தகடுகளுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்றுப் போக இடம் விட்டால் அந்தப் பகுதிக்கு அதுவே ஒரு பந்தல்.

காற்றைப் பற்றி மாஸ்ரர் சொன்னதில் மறுபேச்சில்லை. புயல் கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, தாழ்வாரத்தின் கீழே புகுந்து தூக்கும். தாழ்வாரத்தில் முதல் மூன்று வரிசை ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் கம்பியால் கட்டுங்கள். கைமரத்தைச் சுவர் வளையோடு இரும்புப் பட்டியால் பிணையுங்கள். ஓட்டை எண்ணிக்கைக்கு வாங்காமல் ஒரு நூறு மிகையாக வாங்கிப் பின்வளவில் அடுக்கி வையுங்கள். அதே அச்சு ஐந்து ஆண்டு கழித்துக் கிடைக்காது.

கேட்டவரின் பதில்: கோப்பாய்ச் செம்மண்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அண்ணாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். 21 பாகை, 28 பாகை என்ற ஈரக்குமிழ்க் கணக்கில் அவர் நின்றுவிட்டார். நம்பாமல் தானும் போட்டுப் பார்த்துவிட்டு, காலையில், “சரி, நீ அழலாம்” என்று எழுதியிருந்தார். தடித்த தகடு என்ற பேச்சு முடிந்தது. சோலாருக்குத் தனியாகப் பணம் அனுப்புவதாகவும், உப்புக்காற்றுச் சான்றைத் தானே பார்த்து உறுதிப்படுத்துவதாகவும் சொல்கிறார்.

கொழுந்துக்கூடை அக்காவின் கேள்விக்கு: அம்மாவுக்கு 76 வயது. படுப்பது பின்பக்கத்து அறையில். அது 1990களில் நாங்கள் சேர்த்துக் கட்டியது. அந்த ஓர் அறைக்கு மட்டும் சீற்தான் போட்டிருக்கிறது. நீங்கள் கேட்கும்வரை அது எனக்கு உறைக்கவேயில்லை என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்றே அம்மாவின் கட்டிலை நடுவறைக்கு மாற்றிவிட்டோம். முதலில் பிரிக்கப் போவதும் அந்தச் சீற்றைத்தான்.

மாஸ்ரர், ஒரு கிலோக் கட்டியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். தாம் கண்டது புளியங்கொட்டை அளவுதான் என்றும், அன்றைக்குப் பிற்பகலில் இடி முழங்கி ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். மாதம் நினைவில்லை, ஆனால் முற்றத்தில் வேப்பம்பூ பரப்பிக் காயவைத்திருந்ததாகவும், அது முழுவதும் நனைந்துபோனதற்காக அடி வாங்கியதாகவும் நினைவிருக்கிறதாம்.

மட்டக்கோல் அண்ணா, கூம்புச் சுவரில் துவாரம் விட்டால் வௌவாலும் மரநாயும் உள்ளே குடிவராதா? ஏற்கெனவே பனைப்பக்கத்து மூலையில் ஒரு மரநாய் குட்டி போட்டிருக்கிறது.

பதில்: வடமராட்சி மாஸ்ரர்

வேப்பம்பூ என்றால் பங்குனிக் கடைசி அல்லது சித்திரை. சூடேறிய காற்று மேலெழுவதால் வரும் இடைப்பருவத்து மேற்காவுகை இடிமழை. பிற்பகல், ஐந்து நிமிடம், எல்லாம் பொருந்துகிறது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பதில்: மானிப்பாய் மட்டக்கோல்

துவாரத்துக்கு உள்பக்கமாக அரை அங்குலக் கண் உள்ள துருப்பிடிக்காத வலையைச் சட்டம் போட்டு அடியுங்கள். வௌவாலும் மரநாயும் நுழையாது, காற்று நுழையும். பிளாஸ்ரிக் வலை வேண்டாம், மரநாய் ஒரே இரவில் கிழித்துவிடும். குட்டிகள் இருக்கும் மூலையைக் கடைசியாகப் பிரியுங்கள். வளர்ந்து இறங்கிப் போக நேரம் கொடுத்துவிட்டு, ஆவணிக்குள் வேலையை முடித்தால் ஐப்பசி மழைக்கு முன்பு கூரை ஒருமுறை காய்ந்துவிடும்.